தெளிக்காத செடி ஏன் விழித்தது: சர்ப்பகந்தா வேரில் ஒரு மரபணு அளவீடு

குலசேகரத்தை அடுத்த எங்கள் விளையில், ரப்பர் மரங்களின் அரைநிழலில், கறுப்புப் பாலித்தீன் பைகளில் சர்ப்பகந்தா வளர்க்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மூலிகை நூல்கள் சிவன்அமல்பொடி என்று குறிக்கும் இச்செடியின் வேரிலிருந்துதான் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் ரிசர்பினும், இதயத் துடிப்பைச் சீராக்கும் அஜ்மலினும் கிடைத்தன. வேருக்காகச் செடியை அடியோடு பிடுங்க வேண்டியிருப்பதால் காடுகளில் இது அருகிப்போய், 1990-இல் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆகவே காட்டுச் செடியில் கை வைப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்து, ஒரு நாற்றுப்பண்ணையில் விதை வாங்கினேன். விதையின் ஓடு கடினமானது. 200 விதை ஊன்றியதில் 61 முளைத்தன, அவற்றில் 54 ஓராண்டைக் கடந்தன. இந்தப் பதிவு முழுவதும் அந்த 54 செடிகளைப் பற்றியது. வேரை அளக்க வேண்டுமானால் செடியைக் கொல்ல வேண்டும் என்பதால், ஒவ்வொரு சோதனைக்கும் இத்தனை செடி என்று ரேஷன் கணக்குப் போட்டே செலவழித்தேன்.

என்னை இதில் இறக்கிவிட்டவர் முன்சிறைப் பக்கத்து ஆசான் ஒருவர். வர்மமும் வைத்தியமும் பார்க்கும் அவரிடம் என் செடிகளைப் பெருமையாகக் காட்டியபோது, ஒரு வேர்த்துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "மக்களே, சாணமும் தண்ணியும் கொடுத்து வளத்த வேரு நல்லா தடிக்கும். கல்லிடுக்குல கெடந்து கஷ்டப்பட்டு வளந்த வேருக்க கசப்பு இதுக்கு வராது" என்றார். "ஆசானே, நாக்கால் அளந்ததை நான் எங்கே எழுதிவைப்பேன்?" என்று கேட்டேன். "உனக்க கருவியால அளந்துதான் பாரேன்" என்று சிரித்தார். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவனுக்கு அதற்கு மேல் தூண்டுதல் வேண்டியதில்லை.

ஆசான் சொன்னதன் பின்னால் ஒரு மெய்யான உயிரியல் இருக்கிறது. புழு கடித்தாலோ, பூசணம் தொற்றினாலோ, காயம் பட்டாலோ செடிக்குள் ஜாஸ்மோனேட் என்னும் இயக்குநீர் பெருகுகிறது. அமைதியான நாட்களில், அல்கலாய்டு (ரிசர்பின், அஜ்மலின் போன்ற கசப்பான மருந்துப் பொருள்) மரபணுக்களை இயக்கும் மைக்-2 போன்ற புரதங்களை ஜாஸ் என்னும் அடக்கிப் புரதங்கள் பிடித்துவைத்திருக்கும். இதைக் குளத்து மடையின் பலகையாக எண்ணிக்கொள்ளலாம். ஜாஸ்மோனேட் வந்ததும் பலகை தூக்கப்படுவதோடு நிற்பதில்லை. காய்-1 என்னும் ஏற்பி அதற்கு அழிப்புக் குறி இடுவதால், செல்லின் புரதம் சிதைக்கும் கூடத்தில் அது துண்டு துண்டாக்கப்படுகிறது. விடுபட்ட மைக்-2 அடுத்த கட்ட இயக்கிகளை எழுப்ப, அவை அல்கலாய்டு நொதிகளின் மரபணுக்களை முடுக்குகின்றன. அதே மைக்-2 ஜாஸ் மரபணுக்களையும் முடுக்கிவிடுவதால் புதிய பலகைகள் வார்க்கப்பட்டு மடை தானாகவே மூடிக்கொள்கிறது. இதனால்தான் மரபணு எழுச்சி சில மணி நேரத்தில் உயர்ந்து, ஓரிரு நாளில் தணிகிறது. இந்தத் தொடரின் பெரும்பகுதி நித்தியகல்யாணியில் கண்டறியப்பட்டது. ஓர்கா-3 என்னும் இயக்கி 2000-இல் அதில்தான் அடையாளம் காணப்பட்டது. சர்ப்பகந்தாவும் அதே அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது, இரண்டிலும் அல்கலாய்டுப் பாதையின் முதல் படிகள் ஒன்றே என்பதால், நித்தியகல்யாணியின் வரைபடத்தை வைத்துக்கொண்டு சர்ப்பகந்தாவுக்குள் நுழைந்தேன்.

பாதையின் முகப்பில் நிற்பது ஸ்ட்ரிக்டோசிடின் சிந்தேஸ் என்னும் நொதி. டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து வரும் டிரிப்டமினையும், டெர்பீன் கிளையிலிருந்து வரும் செக்கோலோகனினையும் அது இணைத்து ஸ்ட்ரிக்டோசிடினை ஆக்குகிறது. ரிசர்பினுக்கும் அஜ்மலினுக்கும் அதுவே பொதுத் தாய். இந்த நொதிக்குரிய மரபணுவின் படியெடுப்பு 1988-இல் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது சர்ப்பகந்தாவிலிருந்துதான் என்பது எனக்கு வசதியாகப் போயிற்று. பொது மரபணு வங்கியில் அதன் வரிசை கிடைத்தது. 130 எழுத்து நீளத் துண்டைப் பெருக்க, அதன் இரு முனைகளிலும் ஒட்டிக்கொள்ளும் சிறு டி.என்.ஏ. துண்டுகளான பிரைமர் இணையை அதை வைத்து வடிவமைத்தேன்.

ஜாஸ்மோனேட்டைத் தெளித்துச் செடிக்குக் கஷ்டம் வந்ததுபோல் காட்டி, இந்த மரபணு எவ்வளவு எழுகிறது என்று வேரில் அளப்பதே திட்டம். தெளிப்பு நீர் தயாரிப்பில் சிக்கல் எதுவும் இல்லை. ஜாஸ்மோனேட்டின் ஒரு வடிவமான, 95 விழுக்காட்டுத் தூய்மையுள்ள மெத்தில் ஜாஸ்மோனேட் எண்ணெயில் 23 மைக்ரோலிட்டரை ஒரு மில்லிலிட்டர் எத்தனாலில் கரைத்து, எண்ணெய் பிரியாமல் கலக்க உதவும் டுவீன்-20 இரண்டு துளி சேர்த்து, ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் ஊற்றினால் 100 மைக்ரோமோலார் கரைசல் கிடைத்துவிடும். எண்ணெய் நீரில் நேராகக் கரையாது என்பதால் எத்தனாலைத் தவிர்க்க முடியாது. எனவே ஒப்பீட்டுச் செடிகளுக்கு எத்தனாலும் டுவீனும் மட்டும் கலந்த நீர்.

ஜூன் மாத நடுவில் முதல் சுற்று. அந்த வாரம் குலசேகரத்தில் மழை விடவே இல்லை. தெளித்த மருந்தை மழை கழுவிவிடக் கூடாதென்று, 21 செடிகளையும் வீட்டு வராந்தாவில் ஏற்றி, திறந்த பக்கத்தைப் பாலித்தீன் விரிப்பால் மறைத்துக் கட்டினேன். இந்த ஏற்பாட்டை நினைத்து அன்று நான் மகிழ்ந்ததை எழுதிவைப்பதே நியாயம். மூன்று செடிகளைத் தெளிப்பதற்கு முன்பே சுழிய மணி மாதிரியாகப் பிடுங்கினேன். மற்றவற்றில் ஒன்பது செடிகளுக்கு ஜாஸ்மோனேட், ஒன்பது செடிகளுக்கு வெறும் எத்தனால் நீர். இரு அணிகளுக்கும் இடையே இரண்டரை அடி இடைவெளி விட்டு, துளி சிதறாமலிருக்க நடுவில் ஒரு அட்டையையும் நிறுத்தினேன். 6, 24, 72 மணி நேரத்தில் அணிக்கு மூன்றாகப் பிடுங்கினேன்.

ஒரு மரபணு எவ்வளவு இயங்குகிறது என்பதை அதன் தூது ஆர்.என்.ஏ.வின் அளவே காட்டும். வேரிலிருந்து ஆர்.என்.ஏ. எடுப்பது இந்தத் தொழிலில் பொறுமையைச் சோதிக்கும் வேலை. பிடுங்கிய வேரை மண் போகக் கழுவித் துடைத்து திரவ நைட்ரஜனில் போடுவதற்கு 40 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. ஏனெனில் வேரைப் பிடுங்குவதே செடிக்கு ஒரு காயம், காயத்துக்குச் செடி மறுமொழி சொல்லத் தொடங்கும் முன் அதை உறையவைத்தாக வேண்டும். மாடுகளுக்குச் சினை ஊசி போடுபவர்கள் தூக்கிவருவது போன்ற 3 லிட்டர் நைட்ரஜன் கேன் ஒன்றை வாங்கியிருந்தேன். உறைந்த வேரைப் பீங்கான் கல்வத்தில், நைட்ரஜன் வற்றவிடாமல் அரைக்க வேண்டும். முதலில் கண்ணாடி உடைவதுபோல் சடசடக்கும் வேர், ஐந்தாவது நிமிடத்தில் மாக்கோலப் பொடியைப்போல் மென்மையாகும். அந்த நிலையில் ஒரு கணம் கவனம் தப்பி நைட்ரஜன் வற்றினால் பொடியின் விளிம்பு பழுப்பாகும். பழுப்பேறிய மாதிரியைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. வேரிலுள்ள பீனால்கள் ஆக்சிகரணமாகி ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டன என்பதற்கு அதுவே அடையாளம்.

கடையில் வாங்கிய ஆர்.என்.ஏ. பிரிப்புப் பெட்டி இலைக்கு நன்றாக வேலை செய்தது. சர்ப்பகந்தா வேரில் அது கஞ்சித்தண்ணீர் போன்ற கொழகொழப்பைத்தான் தந்தது. வேரில் மாவுச்சத்து மிகுதி. தூய்மையைக் காட்டும், 260-க்கும் 230 நானோமீட்டருக்கும் உள்ள ஒளி உறிஞ்சல் விகிதம் 2-ஐ ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் 0.6 என்று நின்றது. இரண்டு பெட்டிகளை வீணடித்த பிறகு, சி.டி.ஏ.பி. என்னும் சோப்பு போன்ற பொருளைக் கொண்டு செய்யும் பழைய முறைக்குத் திரும்பினேன்: 65 பாகை வெந்நீரில் சூடாக்கிய கரைசலில், பீனால்களைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி.யும் மெர்காப்டோ எத்தனாலும் சேர்த்து, குளோரோஃபாமால் இருமுறை கழுவி, லித்தியம் குளோரைடு ஊற்றி இரவு முழுவதும் குளிரில் வைப்பது. மாவுச்சத்து மேல்நீரிலேயே தங்கிவிட, ஆர்.என்.ஏ. அடியில் படிகிறது. அந்த இரவில் மின்சாரம் போய் விடியும்வரை வரவில்லை. பக்கத்து வீட்டு மீன் வியாபாரியிடம் தெர்மகோல் பெட்டியும் ஐஸ் நொறுக்கும் கடன் வாங்கி, குழாய்களை அதற்குள் புதைத்து வைத்தேன். காலையில் குழாய்களின் அடியில் கண்ணாடிச் செதில் போன்ற வெண்படிவு இருந்தது, விகிதம் 2.1. பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது அதிலிருந்து மெர்காப்டோ எத்தனாலின் அழுகல் வாடை வருகிறது என்று அவர் அதை வாங்க மறுத்துவிட்டதால், அது இன்றும் என்னிடமே இருக்கிறது.

மரபணுத் துண்டை ஒவ்வொரு சுழற்சியிலும் இரட்டிப்பாக்கி, எழும் ஒளியால் அளக்கும் நிகழ்நேர பி.சி.ஆர். கருவி எங்களிடம் இல்லை. திருநெல்வேலியில் ஓர் ஆய்வகம் மணிக் கட்டணத்துக்குத் தருகிறது. ஒரு மாதிரியில் குறிப்பிட்ட மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. எவ்வளவு மிகுதியோ அவ்வளவு சீக்கிரமாக ஒளி தென்படும். எத்தனையாவது சுழற்சியில் தென்பட்டது என்பதே கணக்கு. ஒரு சுழற்சி முந்தினால் இரு மடங்கு. எல்லா மாதிரியிலும் சமமாக இருக்கும் என்று நம்பப்படும் ஆக்டின் மரபணுவை ஒப்பாக வைத்து, அதற்கும் ஸ்ட்ரிக்டோசிடின் சிந்தேஸ் மரபணுவுக்கும் உள்ள சுழற்சி வேறுபாட்டைப் பார்த்தேன். வேறுபாடு குறைந்தால் மரபணு எழுந்திருக்கிறது என்று பொருள். சுழிய மணியில் வேறுபாடு 6.1. தெளித்த செடிகளில் 24 மணி நேரத்தில் 3.0, அதாவது எட்டு மடங்குக்கு மேல் எழுச்சி. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வரி ஒப்பீட்டுச் செடிகள்: 3.7. ஜாஸ்மோனேட் தெளிக்கப்படாத செடிகளில் ஐந்து மடங்கு எழுச்சி.

இப்படி ஒரு முடிவு வந்தால் முதலில் தன்னையே சந்தேகிப்பதுதான் முறை, நானும் அதைச் செய்தேன். என் பிரைமர் இணை ஒரே எக்சானுக்குள், அதாவது மரபணுவில் இடையே எதுவும் வெட்டி நீக்கப்படாத ஒரு பகுதிக்குள், அமைந்திருந்தது. ஆகவே மாதிரியில் மரபணு டி.என்.ஏ. கலந்திருந்தால் அதுவும் அதே 130 எழுத்துத் துண்டையே பெருக்கிக் காட்டும், பெருகிய துண்டை அடையாளம் காட்டும் உருகு வளைகோட்டிலும் வேறுபாடு தெரியாது. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் தலைகீழ் படியெடுப்பு நொதி சேர்க்காத மாதிரியையும் உடன் ஓட்டுவது. கட்டணத்தை மிச்சம் பிடிக்க முதல் ஓட்டத்தில் அதை விட்டிருந்தேன். இரண்டாவது முறை அதைச் சேர்த்தபோது, நொதியில்லாக் குழாய்கள் எல்லாவற்றிலும் 28.5-ஆம் சுழற்சியில் ஒளி எழுந்தது. சுழிய மணி மாதிரியின் உண்மை அளவீடே 27-ஆம் சுழற்சியில்தான் வந்திருந்தது; அப்படியானால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொய். 24 மணி மாதிரிகளில் ஒளி 24-ஐ ஒட்டி வந்ததால் அங்கே பொய்யின் பங்கு சொற்பம். ஒரே அளவு அழுக்கு, குறைந்த எண்ணை மட்டும் பெரிதாகக் கெடுத்திருந்தது.

டி.என்.ஏ.வைச் சிதைக்கும் டி.என்.ஏஸ் நொதியால் எல்லாவற்றையும் மீண்டும் சுத்தம் செய்து ஓட்டினேன். நொதியில்லாக் குழாய்கள் 36 சுழற்சிவரை இருண்டே கிடந்தன. ஆக்டின் மட்டும் போதாதென்று ஒரு ரைபோசோம் புரத மரபணுவையும் இரண்டாவது ஒப்பாகச் சேர்த்தேன்; இரண்டும் பெரிதாக முரண்படவில்லை. ஆனால் என் புதிர் தீர்வதற்குப் பதில் முற்றியது: சுழிய மணி வேறுபாடு 6.7-ஆக உயர்ந்ததால், தெளித்த செடிகளின் எழுச்சி 12 மடங்காகவும், தெளிக்காதவற்றின் எழுச்சி ஏழரை மடங்காகவும் ஏறின. எத்தனால்தான் காரணமோ என்று எண்ணி, கல்லூரித் தோட்டத்து நித்தியகல்யாணி நாற்றுகளில் எத்தனால் நீரை மட்டும் தெளித்துப் பார்த்தேன். குறிப்பிடத்தக்க அசைவு இல்லை. சர்ப்பகந்தாவை இதற்குச் செலவழிக்க மனம் வரவில்லை.

விடை கிடைத்தது பேருந்தில். திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது தோவாளையில் இரண்டு பெண்கள் பிச்சிப்பூக் கூடைகளுடன் ஏறினார்கள். கூடைகள் ஈரச்சாக்கால் மூடியிருந்தும், கடைசி இருக்கையிலிருந்த எனக்கு அரை நிமிடத்தில் வாசம் வந்துவிட்டது. மெத்தில் ஜாஸ்மோனேட் முதன்முதலாக 1962-இல் பிரித்தெடுக்கப்பட்டது இந்தப் பிச்சியின் எண்ணெயிலிருந்துதான் என்பதை மாணவர்களுக்குப் பல முறை சொல்லியிருக்கிறேன். வாசம் என்றால் காற்றில் பரவுவது. காற்றில் பரவுவதை இரண்டரை அடி இடைவெளியும் ஓர் அட்டையும் தடுக்குமா? அதிலும் நான் பாலித்தீன் விரிப்பால் காற்றோட்டத்தை அடைத்து, அந்த வாசத்துக்கு ஓர் அறையே கட்டிக் கொடுத்திருந்தேன். ஃபார்மர், ரயன் என்னும் இருவர் 1990-இலேயே இதை நிறுவியிருக்கிறார்கள்: மூடிய கலத்தில் சேஜ்பிரஷ் என்னும் பாலைப் புதரின் அருகே வைத்த தக்காளிச் செடிகள், அப்புதர் வெளிவிட்ட மெத்தில் ஜாஸ்மோனேட்டுக்கு மறுமொழியாக, புழுவின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்களைத் தம் இலைகளில் பெருக்கிக்கொண்டன. படித்த செய்திதான், கைவேலையில் அது நினைவுக்கு வரவில்லை.

சந்தேகத்தைச் சோதனையாக்க வேண்டும். 20 லிட்டர் குடிநீர் கேன்கள் மூன்றின் அடியை அறுத்தெடுத்து, தலைகீழ்ப் பூந்தொட்டிபோல் செடிகளின் மேல் கவிழ்த்தேன். உள்ளே ஒரு குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, எத்தனாலில் கரைத்த ஒரு மைக்ரோலிட்டர் மெத்தில் ஜாஸ்மோனேட்டை அதில் விட்டேன். செடியின் மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை. தெளிப்பு அணியை எங்கள் விளையில் திறந்த வெளியில் வைத்தேன்; மழை நின்றிருந்த ஆகஸ்ட் இறுதி அது. ஒப்பீட்டு அணியைத் திருவட்டாறு பக்கத்தில் மைத்துனர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். இடம் மாறினால் வெளிச்சமும் மண்ணின் சூடும் மாறும் என்பதால், இரண்டு இடத்திலும் தனித்தனிச் சுழிய மணிச் செடிகள் மூன்று மூன்று. செடிகளை இடம் மாற்றிய பின் அசையாமல் பத்து நாள் இருக்கவிட்டேன். ஒப்பீட்டுச் செடிகளுக்குத் தனித் தெளிப்பான். பழையதன் பிளாஸ்டிக்கில் வாசம் ஊறியிருந்தது, சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. ஒப்பீட்டுச் செடிகளை முதலில் தொட்டுவிட்டுத்தான் மற்றவற்றிடம் போனேன். மைத்துனர் மட்டும், "மச்சான், செடிக்குமா தீட்டு?" என்று கேலி செய்துகொண்டிருந்தார்.

24 மணி முடிவுகள்: தெளித்த செடிகள் 11 மடங்கு, கேனுக்குள் வாசம் மட்டும் பிடித்த செடிகள் 9 மடங்கு, திருவட்டாற்று ஒப்பீட்டுச் செடிகளில் இரண்டு ஏறக்குறைய சுழிய மணியிலேயே நின்றன. மூன்றாவது ஒப்பீட்டுச் செடி மட்டும் நான்கு மடங்கு. பிடுங்கும்போது எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: கீழிலிருந்து மூன்றாவது இலையின் விளிம்பில் பிறை வடிவில் ஒரு கடிவாய், அதன் கீழே கடுகளவு கறுப்பு எச்சம். புழு கண்ணில் படவில்லை. இலையில் கடித்தால் வேரில் மறுமொழி எழுவது வியப்பில்லை, ஜாஸ்மோனேட் செடிக்குள் பயணிக்கும். ஆனாலும் ஒரே செடி என்பதால் அந்த எண்ணைக் கணக்கில் சேர்க்காமல் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிவைத்தேன். இந்தப் பதிவிலேயே எனக்குப் பிடித்த தரவு எதுவென்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

மரபணு எழுந்தது, மருந்து எழுந்ததா? நம்முடைய கட்டுரைகளில் பல, முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் இரண்டாவதற்கும் கிடைத்துவிட்டதாக எழுதிவிடுகின்றன என்பது என் மனக்குறை. தூது ஆர்.என்.ஏ. நொதியாக வேண்டும், நொதிக்கு மூலப்பொருள் கிடைக்க வேண்டும், ஸ்ட்ரிக்டோசிடினுக்குப் பிறகு பல படிகள் கடந்தாக வேண்டும். முகப்பு வாசலைத் திறந்தால் கடைசி அறைவரை கூட்டம் போய்ச் சேரும் என்பதற்கு உறுதி ஏதும் கிடையாது. எனவே எட்டுச் செடிகளை இதற்கென ஒதுக்கி, நான்குக்கு வாரம் ஒரு தெளிப்பாக மூன்று தெளிப்பு கொடுத்து, தள்ளி வைத்த மற்ற நான்கோடு, கடைசித் தெளிப்புக்கு ஒரு வாரம் கழித்துப் பிடுங்கினேன்.

அல்கலாய்டு வேரின் கட்டையை விடப் பட்டையில்தான் மிகுதி. கழுவும்போது பட்டை உரிந்துவிட்டால் கணக்கே தப்பும் என்பதால் இம்முறை தேய்க்காமல் நீரில் அலசி மட்டும் எடுத்தேன். நிழலில் உலர்த்தி, பொடித்து, அம்மோனியாவில் ஈரமாக்கி, குளோரோஃபாம் மெத்தனால் கலவையில் ஊறவைத்து, அமிலத்துக்கும் காரத்துக்கும் மாற்றி மாற்றிப் பிரித்தெடுத்தேன். ரிசர்பின் வெளிச்சத்தில் சிதையும் என்பதால் எல்லாக் குடுவைகளுக்கும் அலுமினியத் தாள் சுற்றியாயிற்று. மெல்லடுக்குத் தகட்டில் டொலுயீன், எத்தில் அசிடேட், டைஎத்தில் அமீன் ஏழுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற கலவையை ஏற்றி, அல்கலாய்டைக் காட்டிக்கொடுக்கும் டிராகன்டார்ஃப் கரைசலைத் தெளித்தபோது ஆரஞ்சுப் புள்ளிகள் வரிசையாக எழுந்தன. இன்னொரு தகட்டில் அடர் நைட்ரிக் அமிலத்தை ஒரு துளி தொட்டதும் ஒரு புள்ளி இரத்தச் சிவப்பாயிற்று: அஜ்மலின். 1931-இல் சலிமுஸ்ஸமான் சித்திக்கி இதைப் பிரித்தெடுத்து, ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரைச் சூட்டினார். அந்தச் சிவப்பு சில நொடிகளில் விரிவதைப் பார்ப்பதற்காகவே தேவையில்லாமல் மூன்றாவது தகடும் ஓட்டினேன்.

எடையிட்டுப் பார்த்ததில், தெளித்த செடிகளின் உலர்வேரில் மொத்த அல்கலாய்டு சராசரி 1.7 விழுக்காடு, தெளிக்காதவற்றில் 1.4. ஆனால் தெளித்த செடிகளின் உலர்வேர் எடை சராசரி 5.1 கிராம், தெளிக்காதவற்றில் 6.4. பெருக்கிப் பார்த்தால் செடிக்கு 87 மில்லிகிராமும் 90 மில்லிகிராமும். அணிக்கு நான்கே செடி என்ற நிலையில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். ஜாஸ்மோனேட் வேர் வளர்ச்சியைத் தடுக்கும் என்பது தெரிந்த செய்தி. தற்காப்புக்குச் செலவழிக்கும் செடி வளர்ச்சியில் கை வைக்கிறது. இரண்டாண்டு வளர்ப்பின் கடைசி மூன்று வாரத்தில் மட்டும், வேர் பருத்து முடிந்த பிறகு தெளித்தால் செறிவு ஏறி எடை குறையாமலிருக்குமா என்பது செய்து பார்க்கத்தக்கது. அதற்கு 54 செடி போதாது.

ஆசானிடம் இரண்டு எண்களையும் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். தாளைத் தூரப் பிடித்துப் படித்துவிட்டு, "கசப்பு ஏறிச்சு, வேரு சிறுத்துச்சு. நான் சொன்னதுல பாதியத்தான் நீ அளந்திருக்க மக்களே, கல்லிடுக்க நீ இன்னும் அளக்கல" என்றார். அது சரிதான். சாணமும் தண்ணீரும் குறைத்து வளர்த்த அணி என் கணக்கில் இல்லவே இல்லை.

மீதமிருந்த பத்துச் செடிகளை அக்டோபர் மழைக்கு முன் பையைக் கிழித்து நிலத்தில் நட்டேன்: ஐந்தை வளமான மண்ணில், ஐந்தைக் கிணற்றோரப் பாறைச் சரிவில், ஆசான் சுட்டிக் காட்டிய இடங்களில். இவற்றில் எதையும் தெளிப்பதாக இல்லை. பாறைச் செடிகளில் ஒன்று காய்ந்துவிட்டது, மற்றவை துளிர்த்திருக்கின்றன. மெத்தில் ஜாஸ்மோனேட் குப்பியை இரட்டை மூடியிட்டு, அந்தத் தெர்மகோல் பெட்டிக்குள் வைத்து, விளையிலிருந்து 18 கிலோமீட்டர் தள்ளிக் கல்லூரியிலேயே பூட்டியிருக்கிறேன்.